ஹூடி என்று சொன்ன ஆள்

மெல்ஃபோர்ட், சஸ்காச்சவன்
ஞாயிறு மாலை

மாகாணக் கூடைப்பந்துத் தேர்வுக் குழுத் தலைவர், மதிப்பிற்குரிய டோனல்டா மக்ஃபீ அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி ஷெரியும் மகள் டெஸ்ஸாவும் நலம். விதைப்புதான் நலமில்லை. பாதி வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு மூன்று நாள் சாஸ்கட்டூனில் உங்கள் தேர்வு ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டில் தேசியப் போட்டிக்குப் போகும் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் பன்னிரண்டு பேரைச் செவ்வாய்க்கிழமை அறிவிக்கப்போகிறீர்கள். டெஸ்ஸாவை எடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. எடுத்தால் சந்தோஷம், எடுக்காவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, அது வேறு விஷயம். நான் எழுதுவது, உங்கள் அரங்கத்துக்குள் ஓர் உளவாளி புகுந்துவிட்டான் என்பதைத் தெரிவிக்கத்தான்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் நானும் அவரைச் சாதாரண ஆள் என்றுதான் நினைத்தேன். ஐம்பது வயதிருக்கும், கையில் கட்டம் போட்ட நோட்டு, காதில் பென்சில், எனக்கு ஒரு வரிசை மேலே உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஆடும்போது எந்தத் தகப்பனாவது கத்தாமல் இருப்பானா? இவர் வாயே திறக்கவில்லை, யார் கூடையில் போட்டாலும் கைதட்டவில்லை. பிள்ளை இல்லாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மேல்சட்டை பெஞ்சிலிருந்து வழுக்கி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்.

"சார், உங்க ஹூடி கீழ விழுந்துடுச்சு."

ஹூடி! அம்மையார் அவர்களே, தலைமூடி வைத்த அந்தச் சட்டையை நம் மாகாணத்தில் பால்குடிக் குழந்தைகூட பன்னி-ஹக் என்றுதானே சொல்லும்? நம் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள்தானே ஹூடி என்பார்கள்? ஒரே வார்த்தையில் ஆள் மாட்டிக்கொண்டார். இடைவேளையில் அவர் பின்னாலேயே வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். நினைத்தது சரி, அவர் வண்டியில் பக்கத்து மாகாணமான மனிடோபாவின் எண் பலகை! நன்றாகக் குனிந்து பார்த்ததில் என் காப்பி முழுவதும் என் கால்சட்டையில் கொட்டியது, அவர் சட்டென்று திரும்பினார், நான் பக்கத்து வண்டி என்னுடையதுபோல் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டேன். உள்ளே ஒரு நாய் இருந்தது. அதற்கும் எனக்கும் நடந்ததை இங்கே எழுதவில்லை.

சனிக்கிழமை அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பதினாலாம் நம்பர் உங்க பொண்ணா சார்? என்னமா பாஸ் குடுக்குறா!"

எனக்குச் சுருக்கென்றது. டெஸ்ஸாவை மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவளை எப்படி மடக்குவது என்று இப்போதே திட்டம் போடுகிறார்கள். விடுவேனா?

"அட நீங்க வேற. அவளுக்கு வலது முட்டி போய் ரெண்டு வருஷமாச்சு."

"அப்படியா? ஓடுறதப் பாத்தா தெரியலையே!"

"வெளிய காட்டிக்க மாட்டா. எடது கண்ணும் மங்கல்."

எழுதிக்கொண்டார். "கோச் சொன்னாக் கேட்டுக்குவாளா?"

"கேக்குறதா! விசில் ஊதினாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா."

அதையும் எழுதிக்கொண்டார். இன்று காலை மறுபடி வந்து, "ஆகஸ்ட்ல ஊர்ல இருப்பா இல்ல?" என்று நைசாகக் கேட்டார். "எங்க சார், கன்னுக்குட்டிக் கண்காட்சிக்குப் போயிடுவா. பந்தெல்லாம் சும்மா பொழுதுபோக்கு" என்றேன். பெருமூச்சு விட்டு அதன் கீழே இரண்டு கோடு போட்டார். எதிரியை இப்படிக் கவிழ்த்த சந்தோஷத்தில் ஷெரி கட்டிக்கொடுத்த பெரோகியில், அதாவது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையில், ஆறு அவருக்கே கொடுத்தேன். சாப்பிட்டார், மனச்சாட்சி இல்லாமல்.

பிறகு கழிப்பறையில் அவர் போனில் பேசியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "பதினொரு பேரு முடிவாயிடுச்சு. பன்னெண்டாவது ஆளு பதினாலாம் நம்பரா, ரெண்டாம் நம்பரான்னுதான் கொழப்பம். நாளைக்குச் சொல்றேன்." யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று மனிடோபாவில் பட்டியல் தயாராகிறது, அம்மையார்! ஆகவே செவ்வாய்க்கிழமை பெயர்களை இரகசியமாக அறிவிக்குமாறும், அந்த ஆளை இனி உள்ளே விடவேண்டாம் என்றும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இந்த வருடம் எல்லார் வயலிலும் வேண்டிய அளவு மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
மாகாணத்தின் நலம் விரும்பும்
லைல் பவ்லிக்

பின்குறிப்பு: உறை தேடி இழுப்பறையைத் திறந்த ஷெரி, ஜனவரியில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். 'தேர்வாளர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளையே எடுக்கிறார்கள் என்று சென்ற ஆண்டு தாங்கள் எழுதிய புகார்களை ஏற்கிறோம். ஆகவே இவ்வாண்டு மனிடோபாவிலிருந்து நடுநிலையான தேர்வாளர் ஒருவரை அழைக்கிறோம். அவர் யாரென்று பெற்றோருக்குத் தெரிவிக்கமாட்டோம்.' நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

அம்மையார் அவர்களே, மேலே உள்ளதில் வணக்கம் மட்டும் உண்மை. டெஸ்ஸாவுக்கு இரண்டு முட்டியும் நன்றாக இருக்கின்றன. கண் இரண்டும் தெரிகின்றன. கோச் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால்தான் கேட்கமாட்டாள். எங்கள் வீட்டில் கன்றுக்குட்டியே இல்லை.

டெஸ்ஸா என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். கத்தவில்லை. "மூணு நாள்ல என்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொன்னியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். யார் காதிலாவது விழுந்துவிடுமே என்று பயந்துதான் சொல்லவில்லை, கண்ணே, என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பேசியதெல்லாம் நான், ஆடியது அவள். இதை அந்த மனிடோபாக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தபாலை நம்ப முடியாது, அதனால் நாளை விடியற்காலையிலேயே உங்கள் அலுவலக வாசலில் ஓர் ஆள் கடிதத்தோடு நிற்பான். பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், அது நான்தான்.