நல்லெண்ணத் தகரம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டுபிடித்தது 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' ஒன்றைத்தான். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அது கையெழுத்தானபோது பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில், இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

வெட்டு மெஷினின் கத்திக்கு முன்னால் இருந்த தடுப்பு கழன்று விழுந்துவிட்டது. அந்த மெஷினில் நிற்பவனின் அக்கா பேக்கிங்கில் இருந்தாள். எங்கள் எல்லோருக்குமே அவள் 'அக்கா'தான். நேராக மேனேஜர் அறைக்கு வந்தாள்.

"சார், ஒரு தகடு வச்சு முடுக்கினா போதும். தம்பி கை கத்திகிட்ட போய்ப் போய் வருது."

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "சும்மா மாட்டிவிட்டா அதுக்கு என்னம்மா மரியாதை? முறையா எழுதிச் செய்வோம்."

எழுதுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று கூட்டம் கூடியது.

"'ஒப்பந்தம்'னு போட்டா, செய்யலைன்னு கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்றார் வக்கீல். மேனேஜருக்கு வியர்த்தது.

"'உடன்படிக்கை'?" என்றார் கணக்கர்.

"அது சண்டை போட்ட நாடுங்க எழுதறது. நமக்குள்ள என்ன சண்டை?" என்றார் மேனேஜர்.

"இன்னும் இல்ல சார்" என்றாள் அக்கா.

அப்போதுதான் வக்கீல் அந்த மாமருந்தை எடுத்தார்: 'புரிந்துணர்வு ஒப்பந்தம்'.

"அதுல யாரு என்ன செய்யணும்?"

"யாரும் எதுவும் செய்யணும்னு இல்லம்மா. செய்யலாம்னு ஒரு நல்லெண்ணம்."

"கத்தி?"

"கத்தி இதுல ஒரு தரப்பு இல்லையே."

சட்ட அறிவு என்றால் இதுவல்லவா! நான் கைதட்டினேன்.

விழாவுக்கு மேடை, மாலை, தங்க எழுத்தில் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று எழுதிய பெரிய தகரப் பலகை. படத்தில் உழைப்பு தெரியட்டும் என்று பின்னணியில் வெட்டு மெஷினை ஓடவிட்டோம். கையெழுத்தானபோது எனக்குப் புல்லரித்தது. தம்பி மட்டும் கேமராவைப் பார்க்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். விழா மரியாதை தெரியாத பையன்.

மறுநாள் காலை பலகையைக் காணோம். அக்கா அதை அளவாக வெட்டி, துளை போட்டு, கத்திக்கு முன்னால் முடுக்கியிருந்தாள். சரியாகப் பொருந்தியிருந்தது.

மேனேஜர் குதித்தார். "யாரைக் கேட்டு மாட்டின?"

"தடுப்பு மாட்டுறதுன்னு நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"மாட்டணும்ங்கிறதைப் புரிஞ்சுக்கிட்டோம்னுதான் போட்டோம்!"

நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியது, நல்லெண்ணத்துக்குக் காத்திராமல் அவசரப்பட்டது ஆகிய குற்றங்களுக்காக அன்றே அக்காவை வேலையிலிருந்து நீக்கினோம். உத்தரவை நல்ல தமிழில் எழுதியவன் அடியேன்தான்.

தம்பிக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, நிர்வாகத்தின் முன் அனுமதி பெறாமல்.