ஆன்சி ஆடிட் பண்ணுகிறாள்

ராயபுரம்

அன்புள்ள மச்சான் ஃப்ரெடிக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் ஆன்சியும் சுகம். எண்ணூர்ச் சாம்பல் காற்றில் உன் வீட்டார் இருமல் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழுந்துவிடும் என்பதால் கடிதம்.

நீ கொண்டுவந்த வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைச் சம்பந்தத்தில் நான் ஒரு குளறுபடி செய்துவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஜெனிஷின் அப்பா, "பொண்ணு என்ன செய்யுது?" என்று கேட்டார். "ஃபாரின் யுனிவர்சிட்டி கோர்ஸ் ஆடிட் பண்றேன் நைனா" என்று ஆன்சி அடிக்கடி சொல்லுவாளே, அவள் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு அதையே பெருமையாகச் சொல்லிவைத்தேன். துறைமுக ஸ்டோரில் நான் வேலை பார்த்தபோது கணக்கைத் தோண்டிப் பார்க்க ஆடிட் வந்தால் ஆபீசருக்கே சோறு இறங்காது. நம் பெண் ஒரு பல்கலைக்கழகத்தையே அப்படி ஆட்டிவைக்கிறாள் என்றுதானே நினைத்தேன்! அவர்கள் கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனார்கள், எல்லாம் மரியாதைதான் என்று நான் பூரித்துப்போனேன். பிறகு ஆன்சி தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள்: வெளிநாட்டில் சில வாத்தியார்கள் தங்கள் வகுப்பை நெட்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்களாம், ஒரே வகுப்பில் லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்களாம், அத்தனை பேருக்கு யார் அட்டெண்டன்ஸ் எடுப்பார்களோ, அதைப் பார்த்து மற்ற பல்கலைக்கழகங்களும் கடை விரித்தனவாம், நம் சர்க்காரும் ஒன்று திறந்திருக்கிறதாம், இப்போது சர்டிபிகேட் வேண்டுமென்றால்தான் காசாம், பாடம் மட்டும் கேட்பதற்குப் பெயர்தான் ஆடிட்டாம். காசு வாங்காத காலேஜும் கணக்குப் பார்க்காத ஆடிட்டும் என் மண்டைக்குள் இறங்கவில்லை மச்சான்.

அவர்களிடமிருந்து இதுவரை போன் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டார்களோ என்று பயமாக இருக்கிறது. உன் அக்கா ஜெபமாலையும் கையுமாக இருக்கிறாள். நிச்சயம் முடியும்வரை ஆன்சி ஆடிட்டர்தான் என்று நீயும் சாதித்துவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

உன் மாமா,
சிலுவைமுத்து

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு. கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜெனிஷின் அப்பாவே போன் செய்தார். "வருசத்துக்கு ஒருக்கா ஆடிட்டரப் பாக்கதுக்கே எங்களுக்கு வெடவெடங்குது அண்ணாச்சி, தெனமும் வீட்டுக்குள்ளயே எப்படி வச்சுக்கிட?" என்றார். நான் பதறிப்போய், "ஆடிட்டரெல்லாம் இல்லீங்க, அது சும்மா ஓசில பாடம் பாத்துகினு கீது" என்றேன். மனிதர் சிரித்து, ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பின்னால் ஆன்சி நின்றிருந்தாள். "இன்னா நைனா, வேலைக்கும் போய்கினு கண்ணு எரிய எரிய படிச்சது உனுக்கு ஓசியா?" என்று அழுதுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. உடனே அவருக்குத் திரும்பப் போன் போட்டு, "என் பொண்ணு ஆடிட்டர்தான், ஞாயித்துக்கிழம வரும்போது கடைக் கணக்கையும் கொண்டாந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது உன் அக்கா அழுகிறாள், ஆன்சி சிரிக்கிறாள். அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, ஞாயிற்றுக்கிழமை உன்னை வரச்சொல்வதா வேண்டாம் என்பதா, அதுதான் எனக்குத் தெரியவில்லை.