மின்னியது, தொட்டுவிட்டேன்

மதிப்புக்குரிய மச்சானுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் மகள் நலமா என்பது மட்டும் அடுத்த அறைக்குள் இப்போது முடிவாகிக்கொண்டிருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.

முதலில் சந்தோஷம். இதை யாரும் எனக்காக எழுதவில்லை. என்னை ‘கைநாட்டு’ என்று கூப்பிட்டுச் சிரித்த நீங்கள் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்று வணக்கம் சொல்லும். மூட்டை சுமந்த கைக்குப் பேனா கனக்கிறது என்றால் நம்புவீர்களா?

இனி விஷயம். உங்கள் மாடி அறையைக் காலி செய்து வையுங்கள். மகளுக்கு வேலை போகப்போகிறது, காரணம் நான். அவள் அலுவலகத்தில் லிப்ட்டை ஓட்டும் புரோகிராம் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு ஊரில், ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழுப் பிரதி உண்டு, ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் போகும். “மாத்தினது இன்னார்னு யார் பேரை வேணும்னாலும் போடலாம்ப்பா. அதனாலதான் கையெழுத்து” என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அதற்குப் பேனா வேண்டாம். கம்ப்யூட்டரின் விலாவில் நகத்தளவு சாவி செருகியிருக்கிறது. அது மின்னும்போது விரலால் தொட்டால் கையெழுத்து. தொடாவிட்டால் அணைந்துவிடும், மாற்றமும் போகாது. தேநீர் எடுத்து வருவதற்குள் அது அணைந்துபோய், “ச்சே, விட்டுட்டேனே” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்று அவள் ஏதோ எழுதி, அனுப்பும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, போனோடு பால்கனிக்குப் போனாள். மேஜையின் மறுமுனையில் எழுதிப் பழகிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தால் சாவி மின்னுகிறது. பாவம், பிள்ளை மறந்துவிட்டாள் என்று தொட்டேன். மறுபடி மின்னியது. மறுபடி தொட்டேன். முதலாவது கையெழுத்து, இரண்டாவது அனுப்புவதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பால்கனியில் அவள் குரல்: “லிப்ட் கதவு சீக்கிரம் மூடணும்னு நீங்க கேட்டதை எழுதிட்டேன், அனுப்பற கட்டளையும் கொடுத்துட்டேன் சார். ஆனா தொட மாட்டேன். ஊன்றுகோலோட வர்றவங்களை அந்தக் கதவு நசுக்கிடும். என் கையெழுத்து இல்லாம அது போகாது.” ஸ்பீக்கரில் மேனேஜர்: “என்னம்மா விளையாடறே? கையெழுத்தோட வந்து சேர்ந்துடுச்சே. ரொம்ப நன்றி!”

உள்ளே வந்தாள். சாவியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.

“மின்னுச்சும்மா.”

“மின்னினா?”

“தொட்டேன்.”

“எத்தனை தடவைப்பா?”

“அது எத்தனை தடவை மின்னுச்சோ...”

“என் விரல்னு அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். “யார் விரலும் அதுக்கு ஒண்ணுதான். ஊருக்கு அது நான்தான்” என்றாள். அழித்துவிடேன் என்றேன். எல்லோரும் பிரதி எடுத்துக்கொண்டார்களாம், அழிக்க முடியாதாம். ‘இது செல்லாது’ என்று அதன்மேல் இன்னொரு மாற்றம் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். அதற்கு மேனேஜர் சம்மதிக்காவிட்டால் மாலைக்குள் கட்டடங்களுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் கதவு யாரையாவது நசுக்கும். உண்மையைச் சொன்னால், சாவியைப் பிறர் தொட விட்டதற்கு வேலை போகும். “சொல்லத்தான் போறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள், கம்ப்யூட்டரிலேயே கூட்டம் நடக்கிறது. உங்கள் அக்கா கதவில் காதை வைத்திருக்கிறாள். “என்னடி கேக்குது?” என்றால், “நீங்க பேனாவை உரசாம இருந்தாத்தானே கேக்கும்!” என்கிறாள். மேனேஜர் கத்துகிறாராம். இப்போது யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கிறதாம்.

அறையில் ஜன்னலோரம் அவளுக்கு. நான் எங்கும் படுத்துக்கொள்வேன், உங்கள் வீட்டில் எதையும் தொட மாட்டேன். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல புத்தியும் அடக்கமான விரல்களும் பெற்று நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்தே போட்டிருக்கும்
உங்கள் மச்சான்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. அறையைக் காலி செய்ய வேண்டாம். மகள் வெளியே வந்துவிட்டாள். “தொட்டது எங்க அப்பா. அந்த மாற்றத்தை எடுத்துடறேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். “விரல் யாருதா இருந்தா என்ன, மாற்றம் இருக்கட்டும்” என்று மேனேஜர் கத்தினாராம். “அப்ப உங்க பேர்ல போடுங்க சார். உங்ககிட்டயும் சாவி இருக்கே” என்றாளாம். அவரும் கட்டளையைக் கொடுத்தாராம். அவர் சாவி மின்னுவது திரையில் அவருடைய மூக்குக்கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிந்ததாம். மனிதர் காதைச் சொறிந்தாராம், தண்ணீர் குடித்தாராம். அது மின்னி மின்னி அணைந்தேபோய்விட்டதாம். அதன் பிறகு அவரே, “சரி, எடுத்துடும்மா” என்றாராம். மகளுக்குக் கண்டிப்பு மட்டும். ஆக, அந்த மாற்றத்துக்குத் துணிந்து விரல் வைத்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் மச்சான். அதுவும் இரண்டு தடவை.