வெள்ளைக்காரன் விட்டுப்போன புகைக்கூண்டு

வெள்ளைக்காரன் போய் இருபத்தைந்து வருஷமாகியும் அவன் கட்டிய புகைக்கூண்டு தன் தலைக்கு மேலே நிற்பதா என்று வெள்ளியங்கிரிக்கு ஒரு நாள் காலையில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக வராத ரோஷம் அன்று வந்ததற்குக் காரணம் மச்சினன் ஹரிதாஸ்.

மே மாதம் பழக் கண்காட்சி பார்க்கக் கோபியிலிருந்து குன்னூருக்கு வந்தவன். பழமெல்லாம் அழுகி எருவாகித் தீபாவளியும் போய்விட்டது. அவன் போகவில்லை. ஹாலில் விறகு எரியும் கணப்புக்கு எதிரே, வெள்ளியங்கிரியின் சாய்வு நாற்காலியில், இருமிக்கொண்டு கிடந்தான். கூண்டை எடுத்தால் கணப்பு போகும். கணப்பு போனால் குளிர் வரும். குளிர் வந்தால் இவன் கிளம்புவான். டீ ஃபேக்டரியில் பெரிய கிளார்க்கான வெள்ளியங்கிரிக்கு இந்த யோசனை கூடவா வராது?

"கூண்டை இடிக்கப் போறேன்" என்றார் மனைவி சுலோச்சனாவிடம்.

"ஏனுங்க, அது பாட்டுக்கு நிக்குது. அதுமேல கை வெச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவ்வளவுதான். சுலோச்சனா வேண்டாம் என்ற எதையும் வெள்ளியங்கிரி செய்யாமல் விட்டதில்லை. அவருடைய மொத்த வீரமும் அந்த ஒரு வழியில்தான் வெளியே வரும்.

கொத்தனார் ஆறுமுகசாமி அண்ணாந்து பார்த்தார்.

"மேலிருந்து ஒவ்வொரு செங்கல்லா எறக்கோணுங்க. மூணு நாள். அப்பறம் கூரை ஓட்டைய அடைச்சு, செவுத்தைப் பூசி, ஊட்டை ஊடாக்க மூணு வாரம்."

"மூணு வாரமா!"

"மழை பேஞ்சா நாலுங்க."

பெய்தது. கூரையில் மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. வெள்ளியங்கிரி ஹாலில் குடை பிடித்தபடி காபி குடித்தார். அலமாரி முதல் மீசை வரை கரி. ஆனாலும் மச்சினன் கம்பளிக்குள் நடுங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் கதகதப்பாக இருந்தது.

நாலாவது வாரம் சுவருக்கு வெள்ளையடித்து முடிந்தது. கூரையில் கூண்டு நின்ற தடமே இல்லை. வெள்ளியங்கிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு மச்சினனை வழியனுப்ப ஹாலுக்குள் வந்தார்.

கணப்பு இருந்த இடத்தில் ஒரு கட்டில். அதன்மேல் இருமல் துளியும் இல்லாமல் ஹரிதாஸ். பக்கத்தில், வெள்ளியங்கிரியின் படுக்கையறை ஹீட்டர் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது.

"என்ன புள்ள இது?"

"அந்தப் பொகை ஒத்துக்கலீன்னு தீபாவளி முடிஞ்சதுமே பெட்டியக் கட்டிட்டானுங்க" என்றாள் சுலோச்சனா. "நாந்தான், 'பொறுடா, நான் ஒரே ஒருக்கா வேண்டாம்னு சொல்லிப்போடறேன், மாமாவே இடிச்சுத் தந்துருவாரு'ன்னு நிறுத்தி வெச்சேன்."

வெள்ளியங்கிரி சுதாரித்துக்கொண்டார். அவள் வித்தையை அவளிடமே காட்டிவிடுவது என்று முடிவு செய்து, குரலை உயர்த்தினார்.

"அப்படீன்னா கேட்டுக்க. இவன் இனி இந்த ஊட்டை விட்டு எங்கியும் போகக்கூடாது! இங்கியேதான் இருக்கோணும்!"

"சரிங்க" என்றாள் சுலோச்சனா.