கோபுர விவரம் கோரி ஒரு மனு

முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுக் கோப்புகள் ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போய்விடாமல் காவல் காத்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தவன் நான். 2007-இல் ஒருநாள், எங்கள் வீட்டை அடுத்த காலி மனையை இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். செல்போன் டவர் வரப்போகிறது என்று தெருவில் பேச்சு.

என் மனைவி அருணாதேவிக்குத் தூக்கம் போயிற்று. மகள் அன்புச்செல்வி தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வரவேண்டும். டவர் பக்கத்தில் கர்ப்பிணிகள் இருக்கவே கூடாது என்று ஏதோ வாரப் பத்திரிகையில் இவள் படித்துவிட்டாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் மொட்டை மாடிக்கு ஏறி, அந்த ஆபத்தைத் தன் தங்கைக்குச் செல்போனில் முக்கால் மணி நேரம் விளக்கினாள்.

இறங்கி வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டவர் எங்க வருதுனு தெரியாம பொண்ணைக் கூட்டிட்டு வரமாட்டேன். நீங்க ஆபீஸ்ல இருந்தவருதானே? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றவர்களிடையே சர்க்கரை வியாதிக்கு அடுத்தபடியாகப் பரவியிருந்தது அதுதான். காலை நடையில் "எத்தனை மனு போட்டீங்க?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். நான் ஒன்றுகூடப் போடாமல் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தேன்.

மனுவில் 'டவர்' என்று எழுதக் கை கூசியது. ஆட்சிமொழித் திட்டத்தில் பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய கை. 'கோபுரம்' என்று எழுதினேன். செல்போனுக்கு அலைபேசியா, கைப்பேசியா, செல்லிடப்பேசியா என்று முடிவுக்கு வரமுடியாமல் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். "நகரில் உள்ள, இனி அமையவிருக்கும் கோபுரங்களின் அமைவிட விவரங்களைப் பொதுநலன் கருதி வழங்கியருளுமாறு" பணிவுடன் வேண்டி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது.

"பார்வையில் காணும் தங்கள் மனுவின்படி, நகரில் பெரிய கோயிலில் ஒன்பது கோபுரங்கள் அமைந்துள்ளன. கிழக்கில் உள்ளது பதினோரு நிலைகள் கொண்டது. புதிதாகக் கோபுரம் எழுப்பும் உத்தேசம் தற்போது ஏதுமில்லை. நேரில் பார்வையிட விரும்பின், காலணிகளை வெளியே விட்டுச் செல்லவும்."

அருணாதேவி வாங்கிப் படித்தாள். "இதுக்கு ஒரு மாசமா? தலையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியுதே!"

நேரிலேயே போனேன். பிரிவு எழுத்தர் மாறன் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார்.

"நான் கேட்டது டவருங்க."

"மனுவுல கோபுரம்னுதானே இருக்குது சார்?"

"டவருக்குத் தமிழ்ல கோபுரம்தானே?"

"நம்ம ஊர்ல கோபுரம்னா எது சார்?"

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே!"

"யோசிச்சு பதில் தரணும்னு சட்டத்துல இல்லீங்க. சர்வீஸ்ல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் கோபம் ஜாஸ்தியாக வந்தது. ஒரு சொல்லைப் பார்த்ததும் மூளையை மூடிவைத்துவிடும் இந்த ஜென்மங்களை என்ன செய்வது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். எதிர்வீட்டுப் பரசுராமன் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மனுவில் மானத்தை விட்டு 'செல்போன் டவர்' என்றே எழுதினேன். அதற்கும் இருபத்தொன்பதாம் நாள்தான் பதில். அதற்குள் பக்கத்து மனையில் டவரே எழுந்து நின்றுவிட்டது. இப்போது நானும் தலையைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது.

பதிலில் பட்டியல் சரியாகவே இருந்தது. எங்கள் தெரு நான்காவது. "தெருவாசிகளின் சம்மதக் கடித நகல் இணைக்கப்பட்டுள்ளது."

"எங்கள் தெருவில் கோபுரம் அமைப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றது கடிதம். முதல் கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்தது. தை மாதம் டை கட்டிய ஒருவர் அந்தத் தாளை நீட்டினார். கோபுரம் என்ற சொல்லைத் தாண்டி நான் படிக்கவில்லை. தெருமுனைப் பிள்ளையாருக்குத்தான் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீடு வீடாகப் போய் எல்லோரையும் போடவைத்தேன். பரசுராமன் குளித்துவிட்டு வந்து போட்டார். அருணாதேவி தன் பெயரை எழுதி மூலையில் வைத்த குங்குமம், நகலில் கறுப்பாக விழுந்திருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு, "நீ உன் மாமியார் வீட்லயே இரும்மா" என்றாள்.

இந்தத் தடவை மாடிக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. அன்புச்செல்வி அழுதது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது.