கசங்காத சட்டையோடு பெண் பார்க்கப் போனேன்

ரசாயனம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவன் கையில் உடுத்தும் துணி எதையும் கொடுக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஒருவன் நான்தான்.

அறுபதுகளில் திருப்பூரில் பனியன் துணியை வெளுக்கும் சலவைப் பட்டறை ஒன்றில் கெமிஸ்டாக இருந்தேன். (பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டு, தொட்டியைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் வேலை.) அப்போது சோமனூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சரஸ்வதி. அவளை அவிநாசித் தேர்த் திருவிழாவில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அம்மாவை நச்சரித்துத் தரகரை அனுப்ப வைத்ததே நான்தான். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று இருந்தேன். போய்விட்டு வந்த தரகர் வேறு கதை சொன்னார்.

"போன வாரம் ஒரு பையன் வந்து பாத்துட்டுப் போயிருக்கானுங்க. டெர்லின் சட்டை. பஸ்ஸுல வந்தும் ஒரு மடிப்புக் கலையலீங்களாம். பொண்ணூட்டுல அதையேதான் பேசிட்டிருக்காங்க."

செயற்கை நூலில் நெய்த டெர்லின் சட்டைக்கு நான் எங்கே போவது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பருத்திச் சட்டை. அதுவும் பஸ் ஏறினாலே கசங்கிவிடும். அப்போதுதான் பட்டறை அலமாரியில் கிடந்த புட்டி ஞாபகம் வந்தது. பம்பாயிலிருந்து வந்த, துணிக்குப் போடும் மருந்து விற்பவர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பருத்தியை அதில் நனைத்து, காயவைத்து, நல்ல சூட்டில் வாட்டினால் கசங்கவே கசங்காது; கடைசியில் சோப்புப் போட்டு நன்றாக அலச வேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது.

நனைத்தேன். சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு மருந்து ஊற்றினேன். (வாழ்க்கைப் பிரச்சினை, இதில் கஞ்சத்தனம் கூடாது அல்லவா?) வாட்டுகிற எந்திரம் எங்கள் பட்டறையில் கிடையாது. கரி இஸ்திரிப் பெட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அரை மணி நேரம் ஆத்திரத்தோடு தேய்த்தேன். அலசவில்லை. அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய மருந்தைத் தண்ணீரோடு விட மனம் வரவில்லை. சட்டை அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. டெர்லின்காரன் தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சோமனூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கத்தினார்.

"யாருங்க மீன் கூடை வெச்சிருக்கறது? மேல ஏத்துங்க!"

எல்லோரும் காலடியில் தேடினார்கள். நானும் தேடினேன். அம்மா மட்டும் தேடவில்லை. என் தோள் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"கண்ணு, உம்மேல இருந்துதான் வருது."

அலசாமல் விட்ட மருந்தில் ஈரம் பட்டால் மீன் நாற்றம் அடிக்கும் என்பது அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்ததாம். நான் தாளைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமில்லாதவன்.

பெண் வீடு சுத்த சைவம். அன்று கிருத்திகை வேறு. முருகன் படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. என் சட்டைக்கு முன்னால் அதுவும் எடுபடவில்லை. நாங்கள் உட்கார்ந்த ஒரு நிமிடத்தில், உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா குரல் கேட்டது.

"கிருத்திகையும் அதுவுமா ஊட்டுக்குள்ள மீனைக் கொண்டாந்தது யாரு?"

பெண்ணின் அப்பா பேச்சை மாற்ற என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தறி வைத்திருப்பவர். அவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம்: புது ஆளைப் பார்த்தால், முகத்தைப் பார்க்கும் முன் துணியைத்தான் பார்ப்பார்கள். என் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்தார்.

"இதென்ன நூலுங்க? தகரமாட்ட இருக்குது," என்றபடி, தறியிலிருந்து இறக்கிய துணியைச் சோதிப்பதுபோல லேசாக ஒரு இழு இழுத்தார்.

டர்ரென்று முழுக்கையும் அவர் கையோடு வந்துவிட்டது. அந்த மருந்தும் என் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து நூலை உள்ளுக்குள் கருக்கியிருக்கின்றன.

"அய்யய்யோ! நா சும்மாதானுங்க தொட்டேன்!" மனிதர் பதறிப் போனார்.

"பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க," என்று அவரைச் சமாதானப்படுத்தக் கையெடுத்துக் கும்பிட்டேன். முதுகும் கிழிந்தது.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, சரஸ்வதி எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த வேதனையில் எனக்கு உண்மை பேச வந்தது. "மீன் யாரும் கொண்டுவரலீங்க. அது நாந்தானுங்க," என்று ஆரம்பித்து, டெர்லின்காரனிலிருந்து இஸ்திரிப் பெட்டி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பியோடு வந்த சரஸ்வதி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு அவமானத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் அப்பா என் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு உள்ளே போனார். போனவர் வெகுநேரம் கழித்து வந்தார்.

"புள்ளைக்குச் சம்மதமாமுங்க. ஒண்ணே ஒண்ணுதான். கல்யாண வேட்டி சட்டை எங்க ஊட்டுலயே இருக்கட்டும். முகூர்த்தத்தன்னிக்குத்தான் உங்க கைக்கு வரும்."

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று சரஸ்வதியிடம் பிறகு கேட்டேன். "அந்த டெர்லின்காரரு காப்பி குடிக்கறப்பக்கூட மடிப்பையேதான் பாத்துட்டிருந்தாருங்க. நீங்க கிழிஞ்ச சட்டையோட என்னையப் பாத்தீங்க," என்றாள்.

மாமனார் போட்ட சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. போன மாதம் பேரனுக்குக் கல்யாணத் துணி எடுத்தோம். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். வீடே ஒரே குரலில் "தாத்தா!" என்று அலறியது. சரஸ்வதி நிதானமாகப் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.