இரண்டாவது முள்ளம்பன்றிக்காகச் சண்டை போட்டவர்

குழந்தைகளின் கார்ட்டூன் படத்துக்குப் போய், வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த ஒரே அரசு ஊழியர் கடலூர் மாவட்டத்திலேயே எங்கள் பார்ட்-டூ சார்தான். இதை நான் எழுதித் தருவேன். வேண்டுமானால் முத்திரையும் குத்தித் தருவேன்.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்பறை அவர் பொறுப்பு. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் அம்மா மட்டும். காய்ச்சல் வந்தால்கூட லீவு போடாத மனிதர், ஏதாவது கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் வந்துவிட்டால் மதியத்துக்கு மேல் காணாமல் போய்விடுவார். முதல் பாகங்களுக்குத் தியேட்டர் பக்கமே போனதில்லை. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும், பரீட்சைக்குப் படிப்பதுபோல, பஸ்ஸில் ஃபோனில் பார்த்துக்கொண்டு வருவார். பார்ட்-டூ என்ற பெயரை அவருக்கு வைத்தது நான்தான். பெரிய நகைச்சுவை செய்துவிட்டதாக அன்றைக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அறிக்கை வாசிக்கப்படும். நானும் டெஸ்பாட்ச் பிரிவு ஸ்டெல்லா அக்காவும்தான் சபை.

"முத படத்துல ஊஞ்சல்ல ஒரு தாத்தா ஆமை ஒக்காந்திருந்துச்சில்ல? இதுல ஊஞ்சல் இருக்கு, தாத்தா இல்ல. ஊஞ்சல் மட்டும் ஆடுது."

"காத்துல ஆடும் சார்," என்றார் ஸ்டெல்லா அக்கா.

"வீட்டுக்குள்ள ஏது காத்து? ஒரு உயிரக் காணோம், எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாம் வரிசையா நின்னு பாட்டுப் பாடுதுங்க."

ஸ்டெல்லா அக்கா வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டார். அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். குழந்தைகள் சிரித்து உருண்ட படம். அன்றிலிருந்து எனக்கு அந்த ஊஞ்சல் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

எல்லோரையும்போல முதல் பாகம்தான் உசத்தி என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "முதல்ல வந்ததுக்கு இன்னா கஷ்டம்? யாரும் எதிர்பாக்கல, அது பாட்டுக்கு வந்துச்சு, நல்லாருக்குன்னு தூக்கி வெச்சிக்கிட்டாங்க. ரெண்டாவதுக்குப் பொறக்கும்போதே முதல்ல வந்ததோட மார்க் ஷீட்ட கையில குடுத்துடுறாங்கம்மா."

இப்படியிருக்க, முள்ளம்பன்றிப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தில் ஓர் அம்மா முள்ளம்பன்றி, பூச்சி என்று ஒரு குட்டி. இரண்டாவதை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். பெயர் அதே பூச்சி, முகம் வேறு. கொஞ்சம் மஞ்சளாக, கண் பெரிதாக இருந்தது. ஊரே திட்டியது. பார்ட்-டூ சார் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

"அம்மா அத கட்டிப்புடிக்குதில்ல, அப்ப அதோட கண்ணப் பாருங்க. குட்டியப் பாக்கல. குட்டியோட தலைக்கு மேல, பின்னாடி எங்கியோ பாக்குது. யாரையோ தேடுது. மூணு வாட்டி போய்ட்டேன். மூணு வாட்டியும் தேடுது."

ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன். அந்தக் கட்டம் வந்தது. அம்மா முள்ளம்பன்றி குட்டியை அணைத்தது. அதன் கண்கள் எங்கள் வரிசையையும் தாண்டி, பின்னால் வாசல் கதவைப் பார்த்தன. படம் வரைந்தவர்களின் கவனக்குறைவு என்று அறிவு சொன்னது. கழுத்து மட்டும் தானாகத் திரும்பிப் பார்த்தது. கதவருகே யாரும் இல்லை. மூன்று வரிசை தள்ளி பார்ட்-டூ சார் உட்கார்ந்திருந்தார். நான்காவது தடவை.

இடைவேளையில் யாரோ ஓர் அப்பா தன் பிள்ளையிடம், "பழைய பூச்சிதான்டா சூப்பரு, இது டூப்பு," என்றார். பார்ட்-டூ சார் எழுந்துவிட்டார்.

"அது இன்னாங்க தப்பு பண்ணுச்சு? அந்தப் பேர வெச்சிக்கிறேன்னு அது கேட்டுச்சா?"

"யோவ், கார்ட்டூன்யா!"

"கார்ட்டூனா இருந்தா அதுக்கு அம்மா இல்லியா?"

தியேட்டர் சிரித்தது. அவர் வேர்த்துப்போய் வெளியே நடந்தார்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. நான்கு நாள் ஃபோனையும் எடுக்கவில்லை. கோப்பறைச் சாவி வேறு அவரிடம். வியாழக்கிழமை மத்தியானம் நானும் ஸ்டெல்லா அக்காவும் பஸ் ஏறினோம். குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டோம். வெள்ளாற்றுப் பாலம் வரை சண்டைக்காட்சியை நான் நடித்துக் காட்ட, இருவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கதவு திறந்திருந்தது. கூப்பிட்டும் பதில் இல்லை. கூடத்துக்குள் கால் வைத்தோம். எதிர்ச்சுவரில் மாலை போட்ட ஒரு படம், கீழே எரியும் விளக்கு. படத்துக்கு அடியில் பெயிண்டில் எழுதியிருந்தது எங்கள் பார்ட்-டூ சாரின் பெயர். முழுப் பெயர், இன்ஷியலோடு. படத்தில் இருந்தது ஐந்து வயதுப் பையன். அதே விரிந்த காது, அதே ஏறுநெற்றி.

ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். விரல் ஜில்லென்று இருந்தது. "ஏய், சார் போய்ட்டாரா?"

"போயிருந்தா சின்ன வயசு போட்டோவயா மாட்டுவாங்க?"

"அப்ப நம்மகூட பதினோரு வருஷமா சாப்புட்டது யாரு?"

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா, நான் வந்துட்டேம்மா. பசிக்குதும்மா." குழந்தையின் பேச்சு. ஆனால் குழந்தையின் தொண்டை இல்லை. மேலே கொண்டுபோய்க் கட்டிவைத்த குரல்போல, ஓரத்தில் கரகரத்தது. ஸ்டெல்லா அக்கா ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

திரை விலகியது. பார்ட்-டூ சார், கையில் ரசம் சோற்றுக் கிண்ணத்துடன்.

எங்களைப் பார்த்ததும் அவர் வெட்கப்பட்டார். பிறகு சுவரைப் பார்த்து, தன் சொந்தக் குரலில் சொன்னார்: "அதாம்மா பார்ட் ஒன்."

அண்ணன். ஐந்து வயதில் காய்ச்சலில் போனவன். அடுத்த வருஷம் இவர் பிறந்தபோது, போனவனே திரும்பி வந்துவிட்டான் என்று அதே பெயரை வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் தன் பெயருக்குப் போட்ட மாலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். இப்போது அம்மாவுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது.

"என்ன தெரியலம்மா அவுங்களுக்கு. அவனத்தான் கேக்குறாங்க. அவனா போய் நின்னாத்தான் சோறு எறங்குது. நாலு நாளா ஜாஸ்தியாயிடுச்சு. வுட்டுட்டு வர முடியல."

கட்டிலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து, "ஏன்டா ராசா அங்கியே நிக்கிற? உள்ள வா," என்றார். இருவரும் ஒரே நேரத்தில் விலகி நின்றோம், யாருக்கோ வழி விடுவதைப்போல.

வெளியே வந்ததும், "சார், அந்தப் பேரு... நான்தான் வெச்சேன், மன்னிச்சிருங்க," என்றேன்.

"எனக்குன்னே யோசிச்சி வெச்ச பேரு அது ஒண்ணுதாம்மா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "அம்மாவ அந்தப் படத்துக்கு ஒரு வாட்டி கூட்டிப் போவணும். தனியா போவ பயமா இருக்கு. அவுங்களும் பழசுதான் நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டா?"

சனிக்கிழமை பகல் காட்சி. கார் பேசிக் கூட்டி வந்தோம். கூட்டம் பாதிதான். ஓரத்தில் நான், அடுத்து ஸ்டெல்லா அக்கா, பிறகு பார்ட்-டூ சார், அந்த அம்மா. அம்மாவுக்கு அடுத்த இருக்கை காலி; அதில் அவருடைய துணிப்பை.

அந்தக் கட்டம் வந்தது. அம்மா முள்ளம்பன்றி குட்டியை அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்தது. பார்ட்-டூ சார் திரையைப் பார்க்கவில்லை. தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் ஏறி இறங்கியது.

"யாரு நீ?" என்றார் அம்மா, திரும்பி.

"நாந்தாம்மா," என்றார் இவர், அந்தச் சின்னக் குரலில்.

அம்மா அவர் காதைத் தடவினார். நெற்றியைத் தடவினார். "இல்ல. நீ சின்னவன்."

அந்தச் சின்னக் குரல் போய், ஐம்பத்தாறு வயது மனிதரின் சொந்தக் குரல் திரும்பி வந்தது. "ஆமாம்மா," என்றார்.

"அழுவாத. படத்தப் பாரு." சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவன் ஒக்காரட்டும்."

அடுத்த பாட்டு ஓடும்போது ஸ்டெல்லா அக்கா என் காதில், "குளுருது இல்ல?" என்றார். ஏ.சி. நாங்கள் வந்ததிலிருந்தே ஓடவில்லை.

இடைவேளை முடிந்து, பாப்கார்ன் டப்பாவோடு ஒருவர் அந்த இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இங்க ஆள் இருக்கா?"

நானும் ஸ்டெல்லா அக்காவும் ஒரே குரலில் சொன்னோம், "இருக்கு."